தண்ணீர் கொடுக்கக் கூடாது

அழுதால் தண்ணீர் கொடுக்கக் கூடாது. சென்னையிலிருந்து பயிற்சி கொடுக்க வந்திருந்த பேராசிரியர் சூர்யபிரகாஷ் முதல் நாள் சொன்ன முதல் பாடம் அதுதான். "தண்ணி குடிச்சா மனசு அடங்கிடும். மனசு அடங்கினா வாய் மூடிக்கும். வாய் மூடினா உங்க டேட்டா போச்சு" என்றார். சொல்லிவிட்டுத் தன் பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடித்துக்கொண்டார், மகராசன்!

சூலக்கரைப் பக்கம் ஒரு கல்லூரி. அதன் மாடி ஹாலில் 'ஆய்வு மாணவர்களுக்கான திறன் மேம்பாட்டுப் பயிற்சி முகாம்' என்று பேனர் கட்டியிருந்தது. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள் இந்த முகாமில் சான்றிதழ் வாங்கினால்தான் ஆய்வேட்டைக் கொடுக்கவே முடியும். ஜனங்களிடம் போய்ப் பேசி விவரம் வாங்குவது எப்படி என்பது பாடம். எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்தினால் நாம் பேசக் கூடாது. சும்மா இருந்தால் அந்த அமைதியைத் தாங்க முடியாமல் அவரே மறுபடி பேசுவார். அவர் சொன்ன கடைசி வார்த்தையை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். நடுநடுவே, 'அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?' என்று ஒரு கேள்வி. போலீஸ் ஸ்டேஷனில் லத்தியை வைத்துச் செய்கிற வேலையை இவர்கள் வெறும் 'ம்' போட்டே முடித்துவிடுவார்கள்.

இந்த வித்தையில் ஜெபராணியை அடித்துக்கொள்ள ஆளில்லை. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் மகள். குரலில் அப்படி ஒரு பதவிசு. பட்டாசு விபத்தில் பிழைத்த பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அதற்காக ஆமத்தூருக்கு அந்தப் பக்கம், ஒரே தெருவில் ஏழு சாவு விழுந்த ஓர் ஊருக்கு இரண்டு வருஷமாகப் போய்வந்துகொண்டிருந்தாள். அங்கே எல்லாருக்கும் அவள் டீச்சர். எந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று யாரும் கேட்டதில்லை.

அந்த ஏழு பேரும் ஒரே வெடியில் போனவர்கள். ஆடி கடைசி வெள்ளிக்கு மறுநாள் காலை, பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிற ரூமிலிருந்து கிளம்பிய தீ பக்கத்து ரூம்களையும் வாரிக்கொண்டு போனது. கூரை ஆகாயத்துக்கு எழும்பிச் சுக்குச் சுக்காகத் தரையில் விழுந்தது. எதிரே வேப்பமரத்தில் ஒரு சேலைத் துண்டு தொங்கியது, அதற்குள் ஒரு கை. வளையல் உடையாத கை. யார் கை என்று சொல்ல அந்த வளையலை விட்டால் வேறு அடையாளம் இல்லை.

போர்மேன் கதிரவன்தான் காரணம் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. கலந்த மருந்தில் மிச்சம் விழுந்தால் அன்றைக்கே குழியில் போட்டு எரித்துவிட வேண்டும், கிடக்கக் கிடக்க அது தானாகச் சூடேறி வெடிக்கும். சீசன் அவசரத்தில் போர்மேன் எரிக்காமல் போட்டு வைத்துவிட்டான் என்று பேச்சு. அவனும் அதே தீயில் செத்துவிட்டான், எழுந்து வந்து பதிலா சொல்லப்போகிறான்? பிணவறை வாசலில் மகன் உடம்பை வாங்க நின்ற அவன் அப்பா காசிராஜனைச் சுற்றி வளைத்து அடித்தார்கள். முழங்காலில் கம்பியால் போட்ட அடியில் எலும்பு நொறுங்கிப்போனது. விருதுநகரில் அவர்கள் வீட்டின் மேல் கல் விழுந்தது, ஜன்னல் ஒன்று மிச்சமில்லை. பஜாரில் அவன் அம்மா லட்சுமிகாந்தத்தின் முகத்தில் ஒருத்தி காறித் துப்பினாள். துப்பியவள் மகளைப் பறிகொடுத்தவள், அவளைத்தான் என்ன சொல்ல?

உண்மை வேறு. அது ஜெபராணிக்குத் தெரியும். அவளிடம் சொன்னவள் பொன்னுத்தங்கம். அதே கம்பெனியில் வேலை பார்த்தவள், அந்த விபத்தில் இடது கை முழுக்க வெந்து பிழைத்தவள், புருஷனைப் பறிகொடுத்தவள்.

மருந்தைப் போட்டு வைத்தது அவள் புருஷன் சங்கிலிமுத்து. வியாழக்கிழமை சாயங்காலம் இருக்கன்குடிக்குப் போகிற வேன் கம்பெனி வாசலில் வந்து நின்றது. மறுநாள் லீவு, ஊர் சனமே கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. மிச்ச மருந்தைக் குழிக்குக் கொண்டுபோய், போர்மேன் முன்னால் எரித்துவிட்டு வர வேண்டுமென்றால் நேரமாகும். பொன்னுத்தங்கம் வாசலில் நின்றுகொண்டு, "வேனு கெளம்புது, வாரீகளா இல்ல நாங்க போகவா?" என்று கத்தினாள். மிச்சம் ஏதும் இருக்கா என்று கதிரவன் கேட்டதற்கு, "இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு, மருந்தின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு ஓடிவந்தான் சங்கிலிமுத்து. சனிக்கிழமை முதல் ஆளாக வந்து எரித்துவிடலாம் என்று நினைப்பு. அவன் வந்து சாக்கை விலக்குகிறவரை மருந்து காத்திருக்கவில்லை.

"எங் கூப்பாட்டுலதான் டீச்சர் அம்புட்டுப் பேரும் செத்தாக. எங்க தெருவுக்குத் தெரிஞ்சா என்னையும் எம் மகளையும் வீட்டுக்குள்ள வச்சுக் கொளுத்திருவாக" என்றாள் பொன்னுத்தங்கம். சொல்லும்போது ஜெபராணியின் முழங்கையைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. "யாருட்டயும் போகாதுக்கா, இது என் உயிரு மேல சத்தியம்" என்றாள் ஜெபராணி.

சத்தியம் செய்வது சுலபம். அதைச் சுமந்துகொண்டு காலேஜுக்குப் போவதுதான் பாடு. கதிரவனின் தம்பி மணிகண்டராஜ் அவளோடு ஒரே துறையில் படிக்கிறான், ஒரே அறை, பக்கத்து மேஜை. மத்தியானம் அவன் அம்மா கட்டிக்கொடுத்த சோற்றில் பாதி ஜெபராணிக்கு, ஜெபராணி வீட்டு மீன் குழம்பில் பாதி அவனுக்கு. மழை நாளில் அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாயாய் ஊளையிடுகிறதை அவன் சோற்றைப் பிசைந்தபடியே சொல்லுவான். அவள் குனிந்து சாப்பிடுவாள். சொன்னால் பொன்னுத்தங்கம் சாம்பல். சொல்லாவிட்டால் செத்தவன் மேல் பழி. செத்தவனுக்கு வலிக்காது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். காசிராஜனுக்கு வலிக்குமே என்றால் அதற்கு அவளிடம் சமாதானம் இல்லை.

மணிகண்டராஜ் கணக்குப் புலி. புள்ளிவிவரம் கொடுத்தால் பிரித்து மேய்வான். மனிதர்களிடம் பேசச் சொன்னால் வியர்த்துவிடுவான். முகாமில் அவன் பேட்டி எடுத்துப் பழகியபோதெல்லாம் ஆசாமி முந்திரிக்கொட்டை மாதிரி நடுவில் புகுந்து காரியத்தைக் கெடுத்தான். இப்படியே போனால் சான்றிதழ் கிடையாது என்று சூர்யபிரகாஷ் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பாவம் பார்த்து ஜெபராணிதான் வராந்தாவில் வைத்து அவனுக்குப் பழக்கிக் கொடுத்தாள். "அவுக நிறுத்துனா நீ வாயத் தொறக்காத. மனசுக்குள்ள எண்ணு. அவுக கண்ணப் பாரு. கடைசி வார்த்தைய மட்டும் எடுத்துக் குடு" என்றாள். அவன் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்டதில் அவளுக்குப் பெருமை வேறு!

கடைசி நாள் நிஜ ஆளை உட்கார வைத்துப் பேட்டி எடுக்க வேண்டும் என்றார் சூர்யபிரகாஷ். ஆளுக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பு ஜெபராணியுடையது. அவள் பொன்னுத்தங்கத்தின் தெருவில் இருக்கும், வேறொரு பழைய விபத்தில் பிழைத்த குருவம்மாளை வரச் சொல்லியிருந்தாள். குருவம்மாள் டிவிக்காரனுக்கும் அதிகாரிகளுக்கும் சொல்லிச் சொல்லி நாக்குக் காய்த்துப்போனவள், இன்னொரு தடவை சொல்வதில் அவளுக்குச் சேதாரம் ஒன்றும் இல்லை.

காலையில் கல்லூரி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியது பொன்னுத்தங்கம்.

ஜெபராணி வாசலுக்கு ஓடினாள். "நீங்க எதுக்குக்கா வந்தீக? குருவம்மாக்கா எங்க?"

"அவளுக்குக் காய்ச்ச, கண்ணே தொறக்கல. டீச்சருக்கு வாக்கு குடுத்துட்டமே, நீயாவது போன்னு அனுப்புனா. நாலு கேள்வி கேப்பாக, அம்புட்டுத்தானன்னு வந்துட்டேன்." வெந்த கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அவள் சிரித்தாள். நல்ல சேலை, தலை நிறைய எண்ணெய்.

"அக்கா, திரும்பிப் போயிருங்க. நான் ஆட்டோ பிடிச்சுத் தாரேன்."

"ஏன் டீச்சர், நான் சரியாப் பேச மாட்டேனா?" அவள் முகம் சுண்டிப்போனது.

அதற்குள் சூர்யபிரகாஷ் படியிறங்கி வந்து, "வாங்கம்மா, வாங்க" என்று கும்பிட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டார். பேராசிரியர் கும்பிடுகிறாரே என்று பொன்னுத்தங்கத்துக்குக் கூச்சமும் சந்தோஷமும் தாங்கவில்லை. காபி வந்தது, வடை வந்தது. ஜெபராணி அவர் பின்னாலேயே ஓடினாள். "சார், இவங்க வேண்டாம் சார். மணிகண்டராஜோட அண்ணன் செத்த அதே விபத்து சார். அவன் கேட்கக் கூடாது."

சூர்யபிரகாஷின் முகம் மலர்ந்ததே பார்க்கணும்! "அப்படியா? பிரமாதம். சொந்த வலியை அடக்கிக்கிட்டு கேட்கத் தெரியணும், அதுதான் ட்ரெயினிங். மணிகண்டராஜ், நீங்க யாருன்னு அவங்ககிட்ட சொல்லக் கூடாது. மத்தவங்க யாரும் நடுவுல பேசக் கூடாது. பேசினா சான்றிதழ் கிடையாது, வெளியே போயிடலாம்."

மணிகண்டராஜின் உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் தலையாட்டினான். ஜெபராணி அப்போதாவது பொன்னுத்தங்கத்தின் காதில், அவன் கதிரவன் தம்பி என்று ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். போடவில்லை. சான்றிதழ் பயம் கொஞ்சம். அதைவிடப் பெரிசு அவளுடைய கர்வம். ஒரு வருஷம் நான் நடையாய் நடந்து வாங்கிய வார்த்தை, நேற்றுப் பழகிய இவன் கேட்டால் அரை மணியில் வந்துவிடுமா என்று நினைத்துவிட்டாள். எம்புட்டுப் படித்து என்ன!

முதலில் வேறு இரண்டு பேர் கேட்டார்கள். வெடித்த நேரத்தைப் பற்றி ஒருத்தன். கை வெந்ததைப் பற்றி ஒருத்தி. தோல் கையுறை மாதிரி உரிந்து விரல் நுனியில் தொங்கியதைப் பொன்னுத்தங்கம் சொன்னாள். "அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் அந்த மாணவி. புருஷன் உடம்பு என்று ஒரு மூட்டையைக் கொடுத்தார்கள், அதில் இரண்டு வலது கால் இருந்தது என்றாள் பொன்னுத்தங்கம். "ரெண்டு வலது காலு..." என்று எடுத்துக் கொடுத்தான் முதலில் கேட்டவன். ஸ்டாண்டில் மாட்டிய கேமராவை ஹர்ஷினி என்ற பெண் பிடித்திருந்தாள். பொன்னுத்தங்கம் அழுதாள், மூக்கைச் சேலையில் துடைத்தாள், உதடு காய்ந்து ஒட்டிக்கொள்ள எச்சிலைக் கூட்டி விழுங்கினாள். மேஜையில் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைத் தொட ஜெபராணியின் கை போனது. சூர்யபிரகாஷ் விரலை ஆட்டினார், கை திரும்பி வந்துவிட்டது.

மூன்றாவதாக மணிகண்டராஜ் போய் எதிரே உட்கார்ந்தான்.

"சொல்லுங்கம்மா" என்றான்.

பொன்னுத்தங்கம் ஆரம்பிக்கப் போனவள், அவன் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். "ஒங்க கண்ணு எங்க போர்மேன் கண்ணு மாதிரியே இருக்கு தம்பி" என்றாள்.

அவன், ஜெபராணி சொல்லிக்கொடுத்த மாதிரியே மனசுக்குள் எண்ணிக்கொண்டு, பொன்னுத்தங்கத்தின் கண்ணைப் பார்த்தான்.

"நல்ல மனுசன்" என்றாள் பொன்னுத்தங்கம். அவள் உதடு கோணியது. "பாவம், அவரு மேல பழியப் போட்டாக. அவுக அப்பா காலை ஒடிச்சாக. அந்தக் கூட்டத்துல கைக்கட்டோட நானும் நின்னேன். அடிக்காதீகன்னு சொல்ல எனக்கு வாய் வரல தம்பி. அவரு மேல தப்பே இல்ல."

"தப்பே இல்ல..." என்றான் மணிகண்டராஜ்.

ஜெபராணி எழுந்துவிட்டாள். "அக்கா, போதும்!"

"உட்காருங்க!" என்று சூர்யபிரகாஷ் சீறினார். அவள் தோளைப் பிடித்து அமுக்கினார். அவள் திமிறினாள்.

"இருக்கட்டும் டீச்சர், எம்புட்டு நாளைக்கு நெஞ்சுக்குள்ளயே வச்சுக்கிட்டு கெடக்க?" என்றாள் பொன்னுத்தங்கம். அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. வேன், சாக்கு, வாசலில் போட்ட கூப்பாடு, 'இல்லண்ணே' என்று புருஷன் சொன்ன பொய், எல்லாம் வாந்தி மாதிரி வந்து விழுந்தது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இது யாருக்கும் தெரியாது தம்பி. போன வருசம் இந்த டீச்சர்ட்ட மட்டுந்தான் சொன்னேன். அவுக யாருட்டயும் சொல்லல. தங்கமான புள்ள."

மணிகண்டராஜ் மெல்லத் திரும்பி ஜெபராணியைப் பார்த்தான்.

"போன வருசமா?" என்றான்.

அடுத்த நொடி மேஜை புரண்டது. பாட்டில்கள் உருண்டு ஓடின. அவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான். பொன்னுத்தங்கத்தைத்தான் அடிக்க வருகிறான் என்று நினைத்து ஜெபராணி குறுக்கே விழுந்தாள். அவன் ஜெபராணியிடம்தான் வந்தான். நாற்காலிக் கால் அவள் வாயில் மோதியது. உதடு பிளந்து, ஒரு பல் நாக்கின் மேல் வந்து கிடந்தது. அவள் கீழே விழுந்தாள். அவன் விடவில்லை, விலாவில் மிதித்தான், முடியைப் பிடித்துத் தூக்கித் தலையைச் சுவரில் அடித்தான்.

"ஒரு வருசம்! எங்கம்மா ஆக்குன சோத்தத் தின்னியே ஒரு வருசம்! எங்கப்பன் கத்துறதக் கேட்டுக்கிட்டே தின்னியே! எங்கண்ணன் போட்டோவ வெளிய மாட்ட முடியாம பீரோவுக்குள்ள வச்சிருக்கோம்டி! தெரிஞ்சுக்கிட்டே தின்னியா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி. கையை எடுத்து மறைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

ஹாலில் அத்தனை பேர் இருந்தார்கள். வருங்கால டாக்டர்கள்! ஒருத்தரும் அசையவில்லை. நடுவில் புகக் கூடாது என்று அத்தனை நாள் படித்த பாடத்தை அன்றைக்கு ஒழுங்காக ஒப்பித்தார்கள். சூர்யபிரகாஷ் கதவுக்கு வெளியே போய் நின்று வாட்ச்மேனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹர்ஷினி அழுதுகொண்டே கேமராவைப் பிடித்திருந்தாள்.

பொன்னுத்தங்கம்தான் வந்து பிடித்தாள். வெந்து சுருங்கிய கையால் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துத் தள்ளினாள். "நீ யாருய்யா? ஏன்யா அவுகளப் போட்டு அடிக்க?"

"கதிரவன் தம்பி!" என்று அவன் அலறினான். கவிழ்ந்து கிடந்த மேஜையிலிருந்து ஒடிந்த இரும்புக் காலை உருவி ஓங்கினான். அவள் பின்வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"போடு. எனக்குத்தான் விழணும் அது. போடுய்யா."

ஓங்கிய கை அப்படியே நின்றது. இரும்பைத் தூக்கி ஜன்னல் மேல் எறிந்தான். கண்ணாடி நொறுங்கிப் பொன்னுத்தங்கத்தின் தலையெல்லாம் சிதறியது. "எங்கப்பாட்ட வந்து சொல்லு" என்றான். "இங்கன சொன்னத அங்கன வந்து சொல்லு."

"வாரேன்" என்றாள் அவள்.

"போகாதீகக்கா" என்றாள் ஜெபராணி. வாயில் ரத்தம் நிறைந்திருந்ததால் பாதி வார்த்தைதான் வெளியே வந்தது. சுவரைப் பிடித்து எழுந்து பொன்னுத்தங்கத்தின் சேலையைப் பிடித்தாள். "கொன்னுருவாக. நானும் வாரேன்."

பொன்னுத்தங்கம் அந்தக் கையை எடுத்துவிட்டாள். அதில் கோபமில்லை, அதுதான் ஜெபராணியை அறுத்தது. "இவரு அந்தத் தம்பின்னு ஒங்களுக்குத் தெரியும். காலைலயே தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நீங்க வர வேண்டாம் டீச்சர். கேட்ட வரைக்கும் போதும்."

இரண்டு பேரும் படியிறங்கினார்கள். கீழே பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் சூர்யபிரகாஷ் உள்ளே வந்தார். கண்ணாடித் துண்டுகளை மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தவர், "ரெக்கார்டு ஆச்சா?" என்று ஹர்ஷினியிடம் கேட்டார்.

ஜெபராணி கேமராவைப் பிடுங்கித் தரையில் அடித்தாள். உடையவில்லை. ஸ்டாண்டை எடுத்து அதன் மேல் ஓங்கி ஓங்கிப் போட்டாள். பேராசிரியர் கையைப் பிடிக்க வந்தார். அதே ஸ்டாண்டைச் சுழற்றி அவர் தோளில் ஒன்று வைத்தாள். ஐயோ என்று உட்கார்ந்துவிட்டார். கேமரா சில்லுச் சில்லாகப் போகிறவரை அடித்துவிட்டு, உள்ளிருந்த கார்டை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்து ஒடித்தாள். அது அவளுடைய ரத்தத்தோடு சேர்ந்து தரையில் விழுந்தது. ஆத்திரம் தீர்ந்தது, அவ்வளவுதான். போன வார்த்தை போனதுதான்.

ஆட்டோக்காரர் அவள் வாயைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டி, மணிகண்டராஜ் வீடு இருக்கும் தெருவைச் சொன்னாள். வழியெல்லாம் துப்பட்டாவை வாயில் அமுக்கிக்கொண்டே வந்தாள். கடித்த பல்லின் வேர் விண்விண்ணென்று தெறித்தது.

அந்த வீட்டு ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் இன்னமும் தகரம் அடித்திருந்தது. கதவு திறந்து கிடந்தது. ஜெபராணி வாசல் கேட்டைத் தாண்டவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே பொன்னுத்தங்கம் தரையில் மண்டியிட்டிருந்தாள். சொல்லி முடித்துவிட்டாள் போலிருக்கிறது. காசிராஜன் கட்டிலில் உட்கார்ந்தபடி ஊன்றுகோலால் அவளை அடித்துக்கொண்டிருந்தார். முதுகில், தோளில், வெந்த கையில். எழுந்து நிற்க முடியாத மனிதர், அடிக்கிற வேகத்தில் கட்டிலிலிருந்து சரிந்தார். சரிந்தும் அடித்தார். கம்பு சதையில் விழுகிற சத்தம் மட்டும் வாசல் வரைக்கும் கேட்டது. கடைசியில் மணிகண்டராஜ்தான் அப்பாவின் கையைப் பிடித்தான். "போதும்ப்பா" என்றான். அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.

அடுப்படியிலிருந்து லட்சுமிகாந்தம் வந்தாள். கையில் ஒரு செம்புத் தண்ணீர். பொன்னுத்தங்கத்தின் முன்னால் உட்கார்ந்து, அவள் தலைமுடியில் சிக்கியிருந்த கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்துப் போட்டாள்.

"குடி" என்றாள்.

பொன்னுத்தங்கம் செம்பை வாங்கி, கழுத்தெல்லாம் வழிய வழிய ஒரே மூச்சில் குடித்தாள். காலையிலிருந்து அத்தனை பேர் கேட்டதற்கு வாய் ஓயாமல் பதில் சொன்னவளுக்கு அதுதான் முதல் தண்ணீர்.

"இப்பச் சொல்லு. எம் பிள்ள கடைசியா என்ன சொன்னான்?"

கேட்டுக்கு வெளியே நின்ற ஜெபராணியின் காதில் அந்தக் கேள்வி விழுந்தது. இரண்டு வருஷமாக அவளும் கேட்டிருக்கிறாள். உனக்கு எப்படி இருந்தது, உனக்கு எப்படி இருந்தது என்று குடைந்து குடைந்து கேட்டிருக்கிறாள். இதைக் கேட்டதில்லை.

"பொகை வரவும் 'ஓடு தாயி'ன்னு என்னையப் பிடிச்சு வெளிய தள்ளுனாரு" என்றாள் பொன்னுத்தங்கம். "அவரும் வெளிய வந்துட்டாரும்மா. வந்தவரு திரும்பிப் பாத்தாரு. 'சங்கிலி உள்ள இருக்காம்லே'ன்னு சொல்லிக்கிட்டே மறுபடி உள்ள போனாரு. எம் புருசனத் தூக்கத்தான் போனாரு. அதுக்கப்புறந்தான் வெடிச்சது."

லட்சுமிகாந்தம் வாயில் சேலையை அடைத்துக்கொண்டாள். காசிராஜன் தரையில் கிடந்தபடியே, "நாளைக்கு ஒங்க தெருவுல சொல்லணும்" என்றார். குரல் பிளந்து வந்தது. "என் காலை ஒடிச்ச அத்தன பேரும் நிக்கணும். அவுக முன்னாடி சொல்லணும்."

"சொல்றேங்கய்யா."

"ஒன்னைய உயிரோட விட மாட்டாங்க."

"தெரியும்ங்கய்யா. எம் மகள மட்டும் இன்னைக்கே எங்கக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வந்துருறேன்."

லட்சுமிகாந்தம் முகத்தைத் துடைத்தாள். செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ஒத்தையில போக வேண்டாம். நானும் வந்து ஒம் பக்கத்துல நிக்கேன். எறியட்டும். கல்லு எனக்குப் பழக்கந்தான்" என்றாள்.

திரும்பும்போது வாசலில் ஆள் நிற்பது கண்ணில் பட்டது. வீங்கிய வாயும் ரத்தத் துப்பட்டாவுமாக நின்றவளை லட்சுமிகாந்தத்துக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கென்று தினமும் ஒரு கரண்டி சோறு கூடுதலாக வைத்துக் கட்டிக்கொடுத்தவள்தான், முகம் பார்த்ததில்லை.

"ஏய்யா மணி, யாரு அது? அடிபட்டு நிக்கிற மாதிரி இருக்கே. தண்ணி கிண்ணி வேணுமான்னு கேளு."

மணிகண்டராஜ் வாசலுக்கு வந்தான். ஜெபராணி கேட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். அவன் அவளை நேராகப் பார்த்தான்.

"யாருன்னு தெரியலம்மா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான்.